ராபிட்எம்க்யூ: பிளகின் எனேபிள் ஆகிறது, ஓட மறுக்கிறது

உபுண்டு 22.04, ராபிட்எம்க்யூ 3.12 (நிரல்களுக்கிடையே செய்திகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சர்வர்), ஒரே நோடு (ஓடும் சர்வர் பிரதி). நோடை நிறுத்திவிட்டு, 'ஆஃப்லைன்' ஆப்ஷனுடன் மேனேஜ்மென்ட் பிளகினை எனேபிள் செய்தேன்; பிழை வரவில்லை. நோடை மறுபடி தொடங்கினால் பிளகின் பட்டியலில் எனேபிள் ஆனதைக் காட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'E' இருக்கிறது, ஓடுவதைக் காட்டும் நட்சத்திரக் குறி இல்லை. பிளகினுக்கான 15672 போர்ட்டும் திறக்கவில்லை.

எர்லாங் குக்கி (கமாண்ட் லைனும் நோடும் பேசிக்கொள்ளத் தேவையான ரகசியச் சாவி), கட்டளை இயக்கும் பயனர், நோடை ஓட்டும் பயனர் இருவருக்கும் ஒன்றே. கோப்பு உரிமை சரி. எனேபிள் ஆன பிளகின்கள் கோப்பில் பட்டியலுக்குப் பின் வரவேண்டிய முற்றுப்புள்ளியும் உண்டு (அது விடுபட்டால் கோப்பையே படிக்க முடியாது).

ஸ்டேட்டஸ் கட்டளையில்தான் துப்பு கிடைத்தது: கமாண்ட் லைன் அந்தப் பட்டியலை 'ஈடிசி' (/etc) அடியில் எழுதுகிறது, நோடு 'வார்' (/var) அடியிலுள்ள வேறு கோப்பைப் படிக்கிறது. ராபிட்எம்க்யூவின் சூழல் மாறிகளுக்கான என்வ் கான்ஃப் கோப்பில் 'ஈடிசி' பாதையைக் கொடுத்தும் நோடு மாறவில்லை. சர்வரைத் தொடங்கும் சிஸ்டம்டி யூனிட் கோப்பிலும் அதன் ஓவர்ரைடிலும் பாதையைக் குறிக்கும் மாறி இல்லை.

நோடுக்கு அந்த 'வார்' பாதை வேறு எங்கிருந்து வரக்கூடும்?