புதுப்பிப்பு: பதற்றத்துக்கு ஆன்லைன் குழு சிகிச்சை, எட்டு வாரம் முடிந்தது

முகம் தெரியாத ஏழு பேரோடு கேமரா முன் உட்கார்ந்து பேசினால் என் படபடப்பு குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். 'காசுக்குக் கேடு' என்றார் ஒருவர். 'போய்த்தான் பாரேன்' என்றவர்கள் அதிகம். போனேன்.

முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு சின்னது. கதவைச் சாத்தி ஹெட்போன் மாட்டினாலும், அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் பதறிப்போய் மைக்கை அணைப்பேன். மூன்றாம் வாரம் இன்னொருவர் வீட்டிலும் விசில் அடித்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்கப்புறம்தான் எனக்குப் பேச்சு வந்தது.

அறிவுரையை விட வீட்டுப்பாடம்தான் அதிகம். பயப்படுகிற விஷயங்களை ஏணிப்படி மாதிரி எழுதிக் கீழிருந்து ஏற வேண்டும். என் கீழ்ப்படி, தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை எடுப்பது. மேல்படி, தனியாகப் புதுச்சேரி பஸ்ஸில் போவது. நெஞ்சு அடித்துக்கொண்டாலும் பாதியில் இறங்கக் கூடாது, தானாகத் தணியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். போன வாரம் அந்த பஸ்ஸில், வழியில் கன்னியக்கோவிலில் உள்ளங்கை நனைந்திருந்தது. அரியாங்குப்பம் வந்தபோது ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்!

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளில் ஆரம்பத்தில் 21க்கு 16 இருந்தது (15 முதல் கடுமையான பதற்றம்), இப்போது 8. தூக்கம் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

கட்டணம் கட்ட முடியாது என்றவர்களுக்கு: 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அது குழு இல்லை, ஆலோசகரோடு தனியாகப் பேசுவது.