டியூபில் ‘பியூட்டைல்’ என்று போட்டிருக்கிறதே, அது மரத்து ரப்பர் இல்லையா?

தாராவி டயர்க்கடை:

வணக்கம். தாராவி தொண்ணூறடி ரோட்டில் 19 வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் குலசேகரம் பக்கம். அப்பா தோட்டத்தில் பால் வெட்டினவர். விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். லீவு நாளில் நானும் போய், சிரட்டையில் விழுந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வருவேன். அதனால் ரப்பர் என்றாலே எனக்கு மரம்தான்.

போன வாரம் செம்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், நான் மாட்டிக்கொண்டிருந்த கறுப்பு டியூபைப் பார்த்து, “இது மரத்தில் வந்தது இல்லை தம்பி, எண்ணெய்க் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தது” என்றார். டியூபில் ‘பியூட்டைல்’ என்று அச்சடித்திருந்தது. நானும் இத்தனை வருடமாக அதை ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் சொன்னது உண்மையா? இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கிறது. பாவ் ரொட்டி போடும் பையன்களின் சைக்கிளில் சாதா ரப்பர் டியூப் இருந்தால் வாரத்துக்கு இரண்டு தடவை காற்று அடிக்க வருகிறார்கள். தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட வராது. பியூட்டைல் டியூபில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் ஒட்டுப் போட்டால், சாதா டியூபில் பிடிக்கிற மாதிரி பிடிப்பதில்லை, ஓரம் தூக்கிக்கொள்கிறது. ஏன்?

பழைய மிக்ஸிங் ஆள், மாட்டுங்கா:

பெரியவர் சொன்னது சரிதான் தம்பி. நான் தானே பக்கம் ஒரு ரப்பர் ஃபேக்டரியில் 27 வருடம் மிக்ஸிங் பிரிவில் இருந்தேன். பியூட்டைல் என் கையில் நிறைய ஓடியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். இன்றைக்கு எக்ஸான்மொபில் என்று சொல்கிறோமே, அதன் மூதாதை. வருடம் 1937. வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்று இரண்டு வேதியியல்காரர்கள். கச்சா எண்ணெயைச் சூடாக்கிப் பிளக்கும்போது ஐசோபியூட்டிலீன் என்ற வாயு கிடைக்கும். அதைக் கோத்து நீளச் சங்கிலியாக்குவதை ஜெர்மானியர்கள் முன்பே செய்திருந்தார்கள். ஆனால் அது பிசின் மாதிரி ஒட்டும் பொருள். கந்தகம் போட்டுச் சுட்டாலும் இறுகாது, ஏனென்றால் கந்தகம் பிடித்துக்கொள்ள அந்தச் சங்கிலியில் இடமே இல்லை. கந்தகத்துக்குத் தேவை இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைக் கையால் கோத்திருக்கும் இடம்.

இவர்கள் இரண்டு பேரும் செய்தது என்னவென்றால், சங்கிலியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரட்டைப் பிணைப்பு உள்ள வேறு கண்ணியைச் சேர்த்தார்கள். இன்று ஆலைகளில் சேர்ப்பது ஐசோப்ரீன். நூற்றில் ஏறக்குறைய 98 பங்கு ஐசோபியூட்டிலீன், 2 பங்கு ஐசோப்ரீன். அந்த 2 பங்கு போதும், ரப்பர் இறுகிவிடும். ஐசோப்ரீன் எது தெரியுமா? உங்கள் அப்பா வெட்டின பாலில் இருக்கும் ரப்பர் முழுக்க முழுக்க அந்தக் கண்ணியால் ஆனதுதான். மரம் செய்கிற அதே கண்ணியைத்தான் பியூட்டைலில் ஒரு சிட்டிகை போடுகிறோம்.

செய்முறையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 95, 100 டிகிரிக் குளிரில் நடக்கும் வினை இது. குளிர் குறைந்தால் சங்கிலி குட்டையாகிவிடும், ரப்பர் தேறாது.

காற்று இறங்குகிற கதைக்கு வருகிறேன். சாதா டியூபில் ஓட்டை எதுவும் இல்லை. காற்றின் மூலக்கூறு ரப்பருக்குள்ளேயே கரைந்து, ஊர்ந்து, வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. அது அவ்வளவு மெதுவாக நடப்பதால் குமிழி தெரியாது. பியூட்டைல் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி இரண்டு மெத்தில் குழுக்கள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கிளைகள்) நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. நடுவே காற்று நகர இடம் குறைவு. மரத்து ரப்பரில் போகிற காற்றில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இதில் போகும். அதே நெருக்கடியால்தான் பியூட்டைல் பந்து துள்ளாது. ஒரு துண்டை உருட்டிக் கீழே போட்டுப் பாருங்கள், செத்த மாதிரி விழும். கால்பந்து பிளாடர் ஒட்ட வந்தால் கவனியுங்கள்: நன்றாகத் துள்ளும் பந்துக்குள் மரத்து ரப்பர் இருக்கும், அடிக்கடி காற்று அடிக்க வேண்டியிருக்கும்.

ஒட்டு பிடிக்காததற்கும் அந்த 2 பங்குதான் காரணம். பேட்சும் சொல்யூஷனும் பெரும்பாலும் மரத்து ரப்பரை வைத்துச் செய்தவை. பியூட்டைல் மேல் பிடித்துக்கொள்ள அவற்றுக்கு இடம் கம்மி. போதாததற்கு டியூப் அச்சிலிருந்து வரும்போது மேலே பவுடரும் வழவழப்பும் இருக்கும். அரத்தால் நன்றாகத் தேய்த்து, பளபளப்பு முழுக்கப் போக வேண்டும். சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு பேட்சை வைத்து அழுத்துங்கள். ஈரத்தோடு வைத்தால் ஓரம் கண்டிப்பாகத் தூக்கும்.

இந்த இரண்டு ரப்பருக்கும் ஆகவே ஆகாது. எங்கள் ஃபேக்டரியில் ஒரு ராத்திரி ஷிப்டில், மரத்து ரப்பர் ஓடின மில்லை, அதாவது ரப்பரைக் கலக்கும் உருளை மெஷினை, சரியாகத் துடைக்காமல் பியூட்டைலை ஏற்றிவிட்டோம். ஒட்டிக்கொண்டிருந்தது கைப்பிடி அளவுகூட இல்லை. கந்தகம் முழுவதையும் அது தின்றுவிட்டது. காலையில் எடுத்த டியூப் அத்தனையும் ஜாயின்டில் வாயைப் பிளந்தது. அதற்கப்புறம் பியூட்டைலுக்குத் தனி மில், தனி துடைப்பம்கூட வைத்தோம்.

வேதியியல் டீச்சர், செம்பூர்:

ஐயா விளக்கியதோடு ஒரு விஷயம். இந்தக் கண்டுபிடிப்பு வேகமாக ஆலைக்கு வந்ததற்குப் போர் காரணம். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அறுந்துபோனது. 1943-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் பியூட்டைல் ஆலை ஓடத் தொடங்கியது. இதே ஊரில்தான் அதற்கு முந்தைய வருடம், தூள் வினையூக்கியைத் திரவம் மாதிரி ஓடவிட்டு எண்ணெயைப் பிளக்கும் முதல் ஆலையையும் இந்தக் கம்பெனி இயக்கியது. இன்றும் உலகம் முழுக்க நிறையப் பெட்ரோல் அந்த வழியில் வருகிறது.

அப்புறம், மாஹுல் பக்கம் ராத்திரியில் எரியும் தீயைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஹெச்.பி.சி.எல். நடத்தும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை 1954-இல் தொடங்கியது ஸ்டான்வாக் என்ற கம்பெனி. அதில் பாதிப் பங்கு இதே நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலுடையது. பிறகு எஸ்ஸோ என்று பெயர் மாறி, 1974-இல் அரசு எடுத்துக்கொண்டது.

வாஷி பேட்டரி:

கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். மின்சார ஸ்கூட்டர் பேட்டரி சர்வீஸ் செய்கிறேன். லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டதும் இதே கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம்தான், அப்போது பெயர் எக்ஸான். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் அங்கே டைட்டானியம் டைசல்பைடு அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் போய்வரும்படி செய்தார். கம்பெனி பிறகு அதைக் கைவிட்டது. 2019-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெட்ரோல் விற்கிறவனுக்கே பெட்ரோல் இல்லாத வண்டியின் விதை கையில் இருந்திருக்கிறது. அதை விட்டது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

தாராவி டயர்க்கடை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் ஏழு பியூட்டைல் டியூபுக்கு ஐயா சொன்னபடி போட்டேன். இத்தனை நாள் சொல்யூஷன் காய நான் பொறுத்ததே இல்லை, வரிசையில் ஆள் நிற்கும். இப்போது ஃபேன் முன்னால் தொங்கவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கிறேன். ஏழும் பிடித்திருக்கிறது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்படின்னா நம்ம ரப்பர் இப்போ எதுக்குத்தான் போகுது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்கூட்டர் எல்லாம் டியூப்லெஸ் ஆகிவிட்டதே, அதில் எது இருக்கிறது?

பழைய மிக்ஸிங் ஆள், மாட்டுங்கா:

டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் வழவழவென்று ஒரு படலம் இருக்கும், அது பியூட்டைல்தான். குளோரினோ புரோமினோ சேர்த்த வகை. அப்படிச் சேர்த்தால் மரத்து ரப்பரோடு சேர்ந்து இறுகும், சண்டை போடாது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: காற்றைப் பிடித்துவைக்கிற வேலைதான் பியூட்டைலுக்குப் போனது. லாரி டயரின் உடம்பிலும் விமான டயரிலும் இன்றும் பெரும்பகுதி மரத்து ரப்பர்தான். பாரம் ஏறி ஓடும்போது அது குறைவாகச் சூடாகும், கிழியாமல் தாங்கும். சாந்தாக்ரூஸில் இறங்குகிற விமானத்தின் சக்கரத்தில் இருப்பது அவர் வெட்டின மாதிரியான பால்தான்.