கொரோனாக் காலத்தில் இலங்கையில் கடை, கம்பனி நடத்தியவர்களே: ஆட்களோடு நடந்த எந்தச் சம்பவம் இன்னும் மனதில் கிடக்கிறது?

கெய்சர்வீதி_துணிக்கடை எழுதியது:

முதலில் நானே சொல்லிவிடுகிறேன். கொழும்பு கெய்சர் வீதியில் மொத்தத் துணி வியாபாரம், அப்போது வேலைக்கு 17 பேர். 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு என்றதும் ஷட்டரை இழுத்தோம். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

மே மாதக் கடைசியில் கடையைத் திறந்தபோது கல்லாவில் ஒன்றும் இல்லை, காசோலைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கடைக்காரர் ஒரு கடிதம் தந்தார். "வேலை இல்லாத காலத்துக்குச் சம்பளம் கேட்கமாட்டேன், சுயவிருப்பத்தோடு சம்மதிக்கிறேன்" என்று சிங்களத்தில் டைப் செய்தது. 17 பிரதி எடுத்தேன். ஹட்டன் பக்கத்துப் பொடியன் ஒருவன், ஆறு வருஷமாகக் கடை மாடியிலேயே தங்கி வேலை செய்தவன். வாசலில் கைக்கு ஊற்றிய சனிடைசர் காயாமல் வந்து நின்றான். பேனையைப் பிடித்ததும் மை கடதாசியில் ஊறிப் பரவியது. "முதலாளி, இதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டான். "எல்லாருக்கும் ஒண்ணுதான், போடு" என்றேன்.

போட்டான். ஆகஸ்ட் மாதம் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நின்றுகொண்டான். அந்தக் கடிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. மை பரவிய இடத்தில் அவனுடைய பெயரின் முதல் எழுத்தே தெரியாது.

ரத்மலானை_எச்ஆர் எழுதியது:

நான் முதலாளி இல்லை, தையல் தொழிற்சாலை ஒன்றில் எச்.ஆர்., ஆட்களின் லீவு, சம்பள விஷயங்களைப் பார்க்கிற பிரிவு. இரண்டாவது அலை, 2020 ஒக்டோபர். முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை எல்லாம் மூடிய நேரம். எங்கள் ஸ்டாஃப் பஸ்ஸில் வந்த ஒருவருக்கு பி.சி.ஆர். பொசிட்டிவ். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தந்த பெயர்ப் பட்டியலில் 8 ஆவது பெயர் காரியாலயத்தில் ஓடர்களைப் பார்க்கிற மெர்சண்டைசிங் தம்பி, 9 ஆவது மெஷின் ஒப்பரேட்டர் பிள்ளை. ஒரே பஸ், ஒரே சீற். இரண்டு பேருக்கும் 14 நாள் தனிமைப்படுத்தல்.

தம்பிக்கு மடிக்கணினி இருந்தது. வீட்டிலிருந்து வேலை என்று பதிந்து முழுச் சம்பளம். பிள்ளைக்கு நோ பே, சம்பளமில்லாத லீவு. தையல் மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாதுதானே என்றார்கள். இரவு ஒரு மணிக்கு அந்தப் பிள்ளையிடமிருந்து குரல் பதிவு: "மிஸ், நான் ஒண்டும் செய்யேல்லயே, அவங்கள்தான் வீட்டில இருக்கச் சொன்னவங்கள். இது என்ட லீவில கழியுமா?"

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் இருந்திருந்தால் வருஷ லீவு 14 நாளோடு தற்செயல் லீவு இன்னும் 7 நாள் அவளுக்கு இருந்திருக்கும். தொழில்வாரியாகச் சம்பளமும் லீவும் தீர்மானிக்கிற சம்பளச் சபைக்குள் வருகிற தொழிற்சாலைப் பிள்ளைக்கு அந்த 7 நாள் இல்லை. வருத்தக்காரியாகவும் இல்லாமல், வேலைக்கும் வர விடாமல் அடைத்து வைத்த 14 நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நான் சண்டை பிடித்துப் பாதிச் சம்பளம் எடுத்துக் கொடுத்தேன். பாதிதான். அந்தப் பட்டியலின் 8, 9 என்ற இரண்டு வரிகளும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன.

நாரஹேன்பிட்டி_நடை எழுதியது:

கெய்சர் வீதி அண்ணனுக்கு. கோபிக்கவேண்டாம். 2021 இல் நான் ஒரு முதலாளிக்குத் துணையாகத் தொழில் திணைக்களத்துக்குப் போனேன். அவரும் உங்களைப் போலவே ஒரே வாசகம், ஒரே திகதி போட்ட கடிதங்களைக் கொண்டுவந்திருந்தார். அதிகாரி அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, "இத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே வசனத்தை யோசித்தார்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என் கதை.

இனி, எல்லாரும் தெரிந்திருக்கவேண்டியதைச் சொல்கிறேன். வேலை நீக்கம் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஆளை நிரந்தரமாக நிறுத்துவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் வைத்திருப்பதும் அதன்படி வேலை நீக்கம்தான். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஆளை அப்படி வைப்பதற்கு ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அந்த நீக்கமே நடக்கவில்லை. நிலுவைச் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். காலம் முடிந்த பிறகு, அவன் வாசிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய கையெழுத்தை எந்தச் சம்மதத்தில் சேர்ப்பது? "கொரோனா வந்தது, என்ன செய்ய" என்பது சம்மதமும் இல்லை, அனுமதியும் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கவேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பை 2021 இல் 12.5 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்த்தினார்கள். கொரோனாவின் நடுவிலேதான்.

இன்னொன்று. 2020 மேயில் தொழில் அமைச்சு, தொழில் தருநர் சம்மேளனம், தொழிற்சங்கங்கள் மூன்றும் இருந்து ஓர் இணக்கத்துக்கு வந்தன. வேலைக்குக் கூப்பிடாத ஆளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. அந்தத் தொகைக்கும் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி 12, ஆள் 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி 3 சதவீதமும் கட்டவேண்டியிருந்தது. மே, ஜூனுக்கு என்று தொடங்கிப் பிறகு நீடித்தார்கள். உங்கள் பொடியனின் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பாதியைக் கணக்குப் பார்த்தீர்களா? தானாக நின்றான் என்கிறீர்கள். ஆறு வருஷத்துக்குப் பணிக்கொடை கொடுத்தீர்களா? தானாக விலகினாலும் ஐந்து வருஷம் முடித்தவனுக்கு அது உரித்து, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்.

ரத்மலானை மிஸ்ஸுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் பாதியாவது எடுத்துக் கொடுத்தது சரி. ஆனால் அதை எழுத்தில் வைத்தீர்களா? வைத்திருக்கவேண்டும்.

வத்தளை_சமையல் எழுதியது:

நாரஹேன்பிட்டி ஐயா, நீங்கள் சொன்ன அந்த வேலை நீக்கச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. என்னிடம் ஐந்து பேர். நாங்கள் எங்கே போய் நிற்பது?

2021 ஜூன், பயணத்தடை. பாஸ் எடுத்து வீடுவீடாகச் சாப்பாடு கொடுத்தோம். டெலிவரிப் பொடியன் கடைசிப் பார்சலைக் கொடுத்து, காசை என் கையில் எண்ணித் தந்துவிட்டு, 8 மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டான். மாபோலைக்குக் கிட்ட லொறி தட்டிக் கால் போனது. முழங்காலுக்குக் கீழே.

அவனுடைய அம்மா ஹெல்மெட்டோடு கடைக்கு வந்தார். கண்ணாடியில் எங்கள் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நான் கேட்ட ஆட்கள் எல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்கள்: வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழி, 1934 ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பார்ப்பது வேலையின்போது, வேலையால் வந்த விபத்தை. ஆகவே நீ பொறுப்பில்லை. அதையே அந்த அம்மாவிடமும் சொன்னேன். "காசை உங்கட கையில குடுக்கத்தானே மகன் கடைக்குத் திரும்பி வந்தான்" என்றார். இல்லாவிட்டால் கடைசி வீட்டிலிருந்து நேரே போயிருப்பான். விபத்து நடந்த சந்தியைத் தாண்டியே இருக்கமாட்டான்.

2022 இல் அந்தக் கட்டளைச் சட்டத்துக்கு 10 ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. வேலைக்கு வருகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தையும் உள்ளே எடுத்தார்கள். உச்சத் தொகை 550,000 இலிருந்து 20 இலட்சம் ஆனது. பத்திரிகையில் அதைப் படித்த காலை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் கொஞ்சம் கொடுத்தேன், இன்றைக்கும் மாதாமாதம் ஏதோ கொடுக்கிறேன். அது நட்டஈடு ஆகாது.

ரத்மலானை_எச்ஆர் எழுதியது:

வத்தளை அண்ணா, கால் போனது என்றாவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கொரோனா வந்த ஆட்களுக்கு நட்டஈடு கேட்டபோது எங்களுக்கு அதுவும் இல்லை. தொற்றியது பஸ்ஸிலா, போர்டிங்கிலா, தையல் லைனிலா என்று ஆர் காட்டுவது? ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிற போர்டிங். அந்த எட்டுப் பேரையும் இங்கே கூப்பிட்டதே நாங்கள்தான்.

நாரஹேன்பிட்டி ஐயா, எழுத்தில் இருக்கிறது.

நாலாம்_குறுக்குத்தெரு_மகன் எழுதியது:

இதுவரைக்கும் எழுதினவங்க எல்லாரும் பேர் பதிஞ்ச ஆளுங்கள பத்தி எழுதியிருக்கீங்க. எங்க அப்பா கொழும்பு புறக்கோட்டையில நாட்டாமை, மூட்டை தூக்குற கூலி ஆள். 22 வருஷம் ஒரே மூணு கடைக்கு அரிசி, சீனி மூட்டை தூக்கினார். கூலி அன்னன்னைக்குக் கையில. கடை திறந்தப்ப அப்பா போய் நின்னார். ஷட்டருக்குப் பக்கத்தில ஒரு கொப்பி: வர்ற ஆளோட பேர், அடையாள அட்டை இலக்கம், காய்ச்சல் எவ்வளவுனு எழுதணும். அப்பாவோட பேர அந்தக் கடைக் கொப்பியில எழுதினது அதுதான் முதல் தடவ. அத வீட்டில வந்து சந்தோஷமா சொன்னார்.

நாள் கூலிக்காரனுக்கும் சேமலாப நிதி கட்டணும்னு 1958 சட்டம். 14,500 ரூபாய பத்தி எங்க வீட்டுக்கு யாரும் சொல்லல. யாரோட ஆள் அவர்? மூணு கடையும் "அடுத்த கடைக்காரர கேளு"னுதான் சொன்னாங்க.

கெய்சர்வீதி_துணிக்கடை எழுதியது:

தம்பி, எங்கள் கடைக்கும் மூட்டை வரும். தூக்குகிறவரின் பெயர் எனக்கும் தெரியாது.

நாரஹேன்பிட்டி ஐயா கேட்டதற்குப் பதில். அடிப்படை 26,000. பாதி 13,000, ஆகவே 14,500 கொடுத்திருக்கவேண்டும். நான் கொடுத்தது ஒரு மூட்டை அரிசியும் பருப்பும். பணிக்கொடை கொடுக்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. அரை மாதச் சம்பளம் ஆறு வருஷத்துக்கு 78,000, நின்ற 30 நாளுக்குள் கொடுத்திருக்கவேண்டியது. இரண்டையும் இன்று காலை கடதாசியில் எழுதிக் கூட்டினேன். அவனுடைய பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. மாடியில் இருக்கிற இன்னொரு பொடியனுக்கு அவன் வீடு தெரியும், டிக்கோயா. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் போகிறோம்.