‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ உண்மையில் எதைப் பகடி செய்கிறது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைச் சென்ற மாதம்தான் முதன்முறையாக முழுவதும் படித்து முடித்தேன். படித்த சூடு ஆறுவதற்குள், மெல் புரூக்ஸ் இயக்கத்தில் 1974இல் வெளிவந்த ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தையும் பார்த்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளாகியும் அது எழுந்து போகவில்லை.

கூன் விழுந்த உதவியாளன், மின்னலை இழுத்து இயங்கும் ஆய்வுக்கூடம், சாடியில் மிதக்கும் மூளை, தீவட்டியோடு திரளும் ஊர்மக்கள் ஆகியவற்றை வைத்துத்தான் படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. இவற்றில் ஒன்றுகூட நாவலில் இல்லை. நாவலில் செயற்கையாக ஓர் உயிரைப் படைக்கும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், இங்கோல்ஸ்டாட் நகரத்தில் ஒரு வீட்டின் உச்சி அறையில் யாருடைய துணையும் இல்லாமல் வேலை செய்கிறான். அந்தப் படைப்பு கண் திறக்கும் இரவில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை. நவம்பர் மாதத்து மழை சன்னல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருக்கிறது, மெழுகுவத்தி அணையும் நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். படத்தில் உறுமிக்கொண்டு திரியும் அந்தப் பிறவி, நாவலில் கவிஞர் மில்டனைப் படித்துவிட்டு வழக்கறிஞரைப் போல வாதாடுகிறது.

ஆகவே என் கேள்விகள் இரண்டு. ஒன்று, நாவலில் இல்லாதவற்றைக் கேலி செய்யும் படத்தை அந்த நாவலின் பகடி என்று சொல்வது பொருந்துமா? இரண்டு, இவ்வளவு கூத்துக்கு நடுவிலும் அந்தப் பிறவியின்மேல் எனக்கு இரக்கம் வந்தது. நாவலைப் படித்தபோது வந்த அதே இரக்கம். இது என் மனப்பிரமையா, அல்லது படத்திலேயே அப்படி ஏதாவது இருக்கிறதா?

கறுப்புவெள்ளை எழுதியது:

நல்ல கேள்வி. முதல் பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நாவல் வெளிவந்தது 1818இல். ஐந்தே ஆண்டுகளில், 1823இல், ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் அதை லண்டனில் நாடகமாக்கிவிட்டார். ஃபிரிட்ஸ் என்னும் பெயரில் ஓர் உதவியாளன் விக்டருக்கு வாய்த்தது அந்த மேடையில்தான். நாவலில் அவ்வளவு பேசிய பிறவி வாயடைத்து ஊமையானதும் அதே மேடையில்தான். மேரி ஷெல்லியே அந்த நாடகத்தை நேரில் போய்ப் பார்த்தார். அதாவது ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே, மக்கள் அறிந்த ஃபிராங்கன்ஸ்டைன் வேறு ஆளாக மாறத் தொடங்கிவிட்டான்.

அடுத்து 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய யுனிவர்சல் நிறுவனத்தின் படம். தட்டையான தலையும் கழுத்தில் ஆணியுமாகப் போரிஸ் கார்லோஃப் நடந்து வந்தாரே, அந்தப் படம். அதில் ஃபிரிட்ஸுக்குக் கூன் விழுந்தது. நல்ல மூளை இருந்த சாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வந்ததும் அவன்தான். ‘இகோர்’ என்ற பெயர் 1939இல் வந்த ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பேலா லுகோசி ஏற்ற பாத்திரத்துடையது. அவனுக்குக் கூன் கிடையாது. தூக்கிலிட்டும் சாகாமல் பிழைத்ததால் கழுத்து கோணியவன். இந்த இருவரையும் ஒன்றாகக் குழைத்து ஒரே கூனனாக்கியது பார்வையாளர்களின் ஞாபகமே.

புரூக்ஸும், அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதி நாயகனாகவும் நடித்த ஜீன் வைல்டரும் கையில் எடுத்தது இந்த ஞாபகத்தைத்தான். படத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் 1939ஆம் ஆண்டுப் படத்தினுடையது. அங்கே ஃபிராங்கன்ஸ்டைனின் மகன் ரயிலில் வந்து இறங்குகிறார், இங்கே பேரன் ஃபிரெட்ரிக் வந்து இறங்குகிறார். இரண்டிலும் ஒரு கை மரக்கையாக அமைந்த காவல் ஆய்வாளர் உண்டு. அம்பெறி விளையாட்டுக் காட்சியில் ஆய்வாளர் தம் மரக்கையிலேயே அம்புகளைக் குத்தி வைத்துக்கொள்வது பகடிக்காரர்களின் கற்பனை என்றுதான் நான் பல காலம் எண்ணியிருந்தேன். பழைய படத்தைத் தேடிப் பார்த்தபோது, லயனல் அட்வில் அதையே முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் செய்துகொண்டிருந்தார்! மூலமே பாதிப் பகடியாக இருக்கும்போது, நகல் எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் போதும்.

முறுக்குவதற்கு முன் மூலத்தை எவ்வளவு மரியாதையோடு எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1931ஆம் ஆண்டுப் படத்தின் மின்கருவிகளைச் செய்த கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் அவற்றைத் தம் வீட்டுக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்தார். அதே கருவிகளை வாங்கி வந்து இந்தப் படத்தில் ஓடவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் எடுப்பதற்குக் கொலம்பியா நிறுவனம் சம்மதிக்கவில்லை என்பதற்காக, படத்தையே டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குக் கொண்டுபோனார்கள்.

நாவலை நேரடியாகத் தொடும் நகைச்சுவை ஒன்றே ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாவலில் விக்டர் தன் கதையைத் துருவப் பயணி வால்ட்டனிடம் சொல்லும்போது, உயிர் கொடுக்கும் இரகசியத்தை மட்டும் சொல்லவே மாட்டேன் என்று கண்டிப்பாக மறுத்துவிடுகிறான். படத்தில் பேரன் தாத்தாவின் மறைவான நூலகத்தைக் கண்டுபிடிக்கிறான். அங்கே கனமான ஒரு புத்தகம் கிடக்கிறது. அதன் தலைப்பு: ‘நான் அதை எப்படிச் செய்தேன்’. நாவலைப் படித்தவருக்கு மட்டும் அந்த இடத்தில் சிரிப்பு இரண்டு மடங்காக வரும்.

தாழ்வாரம் எழுதியது:

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது உங்கள் மனப்பிரமை அல்ல. என் கருத்து ஒருபடி மேலே போகும்: முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எடுத்த 1931ஆம் ஆண்டுப் படத்தைவிட, இந்தக் கோமாளிப் படம் மேரி ஷெல்லிக்கு நெருக்கமானது.

மூளைச் சாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அந்தப் பிறவி கெட்ட மூளையோடு பிறக்கவில்லை. பார்த்தவர் எல்லாம் கல்லெறிந்தும் அடித்தும் துரத்தியதால்தான் அது கொலை வரைக்கும் போகிறது. குற்றவாளியின் மூளை என்ற கதையை 1931ஆம் ஆண்டுப் படம் நுழைத்தவுடன், பழி முழுவதும் சாடிக்குள் போய்விட்டது. படைத்தவனும் ஊராரும் கைகழுவிக்கொண்டார்கள். மார்ட்டி ஃபெல்ட்மன் ஏற்ற இகோர் இங்கே என்ன செய்கிறான்? இயல்பு கெட்ட மூளை என்று பொருள்படும் ‘அப்நார்மல்’ என்ற எச்சரிக்கைச் சொல்லை, ‘ஏபி நார்மல்’ என்று ஒரு பெண்ணின் பெயராக வாசித்துவிட்டு எடுத்து வருகிறான். அந்த மூளைக் கோட்பாடு எவ்வளவு அபத்தமானது என்பதை ஒரே வரியில் போட்டு உடைத்தாகிவிட்டது.

அடுத்து, கண் தெரியாத கிழவரின் காட்சி. அதன் வேர் நாவலில்தான் இருக்கிறது. பல மாதங்கள் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்தே மொழி கற்றுக்கொண்ட பிறவி, மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து டி லேசி என்னும் பார்வையற்ற முதியவரிடம் போய்ப் பேசுகிறது. உருவம் தெரியாததால் அவர் அன்பாகவே பேசுகிறார். பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். மகன் தடியால் அடித்து விரட்டுகிறான். 1935இல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் இவர் வயலின் வாசிக்கும் துறவியாகி, ரொட்டியும் மதுவும் சுருட்டும் கொடுத்துச் சில சொற்களையும் கற்பிக்கிறார்.

1974இல் அவருடைய இடத்தில் தாடியோடு உட்கார்ந்திருப்பவர் ஜீன் ஹேக்மன். தனிமை தாளாமல், ஒரு நண்பனை அனுப்பும்படி இறைவனை வேண்டுகிறார்; கதவை உடைத்துக்கொண்டு பிறவியாக நடிக்கும் பீட்டர் பாயில் வந்து நிற்கிறார். கொதிக்கும் சூப் கிண்ணத்தில் விழாமல் விருந்தாளியின் மடியில் விழுகிறது. மது அருந்துமுன் குவளையோடு குவளை மோதும்போது, விருந்தாளியின் குவளை சுக்குநூறாகிறது. சுருட்டு என்று நினைத்து அவர் தீ வைப்பது விருந்தாளியின் கட்டைவிரலில். பிறவி அலறிக்கொண்டு ஓட, ‘காப்பி போடலாம் என்று இருந்தேனே’ என்கிற பாவனையில் பின்னாலிருந்து அழைக்கிறார் பாவம், அந்த மனிதர். (அந்தக் கடைசி வரி ஹேக்மன் அந்த இடத்திலேயே சேர்த்துக்கொண்டது.) நாவலில் கண் உள்ளவர்கள் அதை விரட்டினார்கள், கண் இல்லாதவர் மட்டும் ஏற்றுக்கொண்டார். இங்கே ஏற்றுக்கொள்பவரின் அன்பே சூடு வைக்கிறது. அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்போடு சேர்ந்து தொண்டையும் அடைத்துக்கொள்ளும்.

மிக முக்கியமான காட்சி பூட்டிய அறைக் காட்சி. ‘நான் எவ்வளவு கெஞ்சினாலும் கதவைத் திறக்காதீர்கள்’ என்று கம்பீரமாக ஆணையிட்டுவிட்டு ஃபிரெட்ரிக் உள்ளே போகிறான். பிறவி உறுமி எழுந்ததும், அம்மாவைக் கூப்பிடாத குறையாகக் கதவைத் தட்டிக் கெஞ்சுகிறான். யாரும் திறப்பதில்லை. வேறு வழியில்லாமல் திரும்பி, ‘அடடா, என்ன அழகு நீ’ என்று முகத்துதியாகத் தொடங்குகிறான். பேசப் பேச அது முகத்துதியாக இல்லாமல் போகிறது. கடைசியில் அந்தப் பெரிய உடம்பு அவன் தோளில் சாய்ந்து குழந்தையைப் போல அழுகிறது. இப்போது நாவலுக்குப் போங்கள். கண் திறந்த அன்றிரவு பிறவி படுக்கைத் திரையை விலக்கி விக்டரை நோக்கிக் கையை நீட்டுகிறது. விக்டர் ஓடிப்போய் விடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறான். அத்தனை சாவுகளும் அந்த ஓட்டத்திலிருந்து தொடங்கியவை. தாத்தா ஓடிய இடத்தில் பேரன் நிற்கிறான். அவன் நின்றதற்குக் காரணம் கதவு பூட்டியிருந்தது என்பதுதான் நகைச்சுவை.

மேட்னி ரசிகன் எழுதியது:

தாழ்வாரம் அம்மையார் அழகாக எழுதியிருக்கிறார். ஆனாலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. மேடையில் பிறவிக்குக் கோட்டு, தொப்பி எல்லாம் அணிவித்து, ‘புட்டிங் ஆன் தி ரிட்ஸ்’ பாட்டுக்கு ஆட விடும் காட்சியில் மேரி ஷெல்லி எங்கே இருக்கிறார்? புரூக்ஸே அந்தக் காட்சி வேண்டாம் என்றார். வைல்டர்தான் விடாப்பிடியாக வாதாடி வைக்கச் செய்தார். சில காட்சிகள் சிரிப்புக்காக மட்டும் இருக்கட்டுமே.

ஆள் அதேதான், ஆனால் இந்த வித்தை ஒவ்வொரு முறையும் பலிப்பதில்லை. 1995இல் புரூக்ஸ் ‘டிராகுலா: டெட் அண்ட் லவிங் இட்’ எடுத்தார், லெஸ்லி நீல்சன் டிராகுலா. நீல்சன் திரையில் தோன்றும்போதே, தாம் நகைச்சுவைப் படத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது போல இருக்கும். அதன் பிறகு பயத்துக்கு இடமில்லை, பயம் இல்லாத இடத்தில் சிரிப்பும் பாதிதான். 1948இல் ‘அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் லுகோசியே டிராகுலாவாக வந்தார். சவப்பெட்டியின் மூடிமேல் வைத்த மெழுகுவத்தி மெல்ல நகர்வதைப் பார்த்துக் குரல் எழும்பாமல் தவிப்பவர் நகைச்சுவை நடிகர் காஸ்டெல்லோ. பெட்டிக்குள்ளிருந்து எழும் லுகோசியோ கடைசிவரை ஒரு முறைகூடக் கோமாளித்தனம் செய்வதில்லை. பேய் பேயாகவே இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன்தான் உளற வேண்டும் என்பது அந்தக் காலத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் 1995ஆம் ஆண்டுப் படத்துக்கும் ஓர் இடத்தில் மதிப்பெண் கொடுப்பேன். இரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசியின் நெஞ்சில் ஆப்பு அறையும் காட்சியில் இரத்தம் குடம் குடமாகப் பீறிட்டு ஹார்க்கரை முழுக்காட்டும்; பக்கத்தில் நிற்கும் காட்டேரி வேட்டைக்காரர் வான் ஹெல்சிங் முன்கூட்டியே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுத்து இப்படியொரு காரியத்தைச் செய்யச் சொன்னவர் ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரேதான். 1897ஆம் ஆண்டு நாவலில் லூசியை மணக்கவிருந்த ஆர்தரே ஆப்பை அறைகிறான். அங்கும் இரத்தம் பீறிடுகிறது. புரூக்ஸ் அளவைத்தான் கூட்டினார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். மேட்னி ரசிகன் ஐயாவின் மேடைக் காட்சியை மட்டும் கொஞ்சம் மறுக்கிறேன். ஆட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு விளக்கு வெடித்ததும் பிறவி மிரள்கிறது, உடனே அதுவரை கைதட்டிய கனவான்களே கையில் கிடைத்ததை எடுத்து எறிகிறார்கள். குடிசையில் தடியால் அடித்த மகனுக்கும் இவர்களுக்கும் உடைதான் வேறு. மேரி ஷெல்லி அங்கேயும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

மனைவி விஷயத்தையும் இப்போதுதான் கவனித்தேன். நாவலில் பிறவி துணை கேட்கிறது. விக்டர் பாதி செய்ததைக் கிழித்துப் போடுகிறான். அதற்குப் பழியாக அவனுடைய எலிசபெத் மணநாள் இரவில் கொல்லப்படுகிறாள். 1935ஆம் ஆண்டுப் படத்தில் செய்து வைத்த மணமகளே அதைப் பார்த்து அலறுகிறாள். இங்கே ஃபிரெட்ரிக்குக்கு நிச்சயமான எலிசபெத்தே, அந்த மணமகளின் மின்னல் கோடு போட்ட கூந்தலோடு, பிறவிக்கு மனைவியாகிப் படுக்கையில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். கணவராகிவிட்ட பிறவி செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். கேட்டது கிடைப்பதற்கு 156 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கறுப்புவெள்ளை எழுதியது:

இதை நான் யோசித்ததே இல்லை. ஒரு சிறு எச்சரிக்கை: யாரேனும் தமிழில் துணையுரை எழுதும் எண்ணத்தில் இருந்தால், வண்டிப் பயணக் காட்சியில் கை வைக்குமுன் நன்றாக யோசியுங்கள். ஓநாய் ஊளையிட, பயந்துபோன பெண் ‘வேர்வுல்ஃப்’ என்கிறாள். அது ஓநாய் மனிதனைக் குறிக்கும் சொல். இகோரின் காதில் ‘எங்கே ஓநாய்’ என்று விழுகிறது. ‘அங்கே ஓநாய், அதோ கோட்டை’ என்று பொறுப்பாகக் கைகாட்டுகிறான். நான் ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தேன். ‘வேர்’ என்ற நம் சொல்லை வைத்து ஏதாவது செய்யலாமா என்றுகூட முயன்றேன். ஓநாய்க்குப் பதிலாக மரம்தான் முளைத்தது.