முக்காட்டை அவிழ்க்காமல் ஒரு நிகழ்த்துகலையை எப்படி முடிப்பது?

நூல்கண்டு (கேள்வி):
நுண்கலை இறுதியாண்டு மாணவி நான். பன்னிரண்டு வயதிலிருந்து முக்காடு அணிகிறேன். தேர்வுக்காக ஒரு நிகழ்த்துகலை தயார் செய்கிறேன். பஸ் நிறுத்தத்து இருக்கையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, வெளிப்பக்கம் திரும்பியபடி இருக்கும். என்னை உற்றுப் பார்ப்பவர் தன் முகத்தையும் பார்க்க நேரும்.

சிக்கல் முடிவில்தான். “கடைசி நிமிடத்தில் முக்காட்டை மெதுவாக அவிழ்த்துவிடு, எல்லோரும் உறைந்துபோவார்கள்” என்கிறார் ஆசிரியர். உறையத்தான் செய்வார்கள். அவிழ்த்தால் ‘விடுதலை பெற்றாள்’ என்பார்கள், அவிழ்க்காவிட்டால் ‘என்னதான் நடந்தது?’ என்பார்கள். எனக்கு அது உடுப்பு, நாடகத் திரை அல்ல. வேறு எப்படி முடிப்பது?

தறி:
ஆப்கானியக் கலைஞர் குப்ரா காதெமியின் ‘கவச’ நடையைப் பாருங்கள். 2015 பிப்ரவரியில், மார்பும் பின்புறமும் புடைத்த இரும்புக் கவசத்தை உடைக்கு மேல் அணிந்து காபூல் தெருவில் நடந்தார். சிறுமியாக இருந்தபோது தெருவில் ஒருவன் கைவைத்தான். உள்ளாடை இரும்பாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று தோன்றியதாம். அந்த நினைப்பைத்தான் பின்னாளில் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்கினார். படங்களில் அவர் தலையில் முக்காடு அப்படியே இருக்கிறது. கவசம் பேசும்போது துணி பேச வேண்டியதில்லை.

ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. கூட்டம் துரத்தியது, கல் எறிந்தது. எட்டு நிமிடங்களில் காரில் ஏறித் தப்பினார். பிறகு கொலை மிரட்டல்கள் வர, நாட்டை விட்டே போய் பிரான்சில் குடியேறினார். நீங்கள் எழுதிவைக்கும் முடிவைத் தெரு மாற்றி எழுதும். தனியாகப் போகாதீர்கள்.

பழையமை:
நம் பக்கத்திலேயே ரும்மானா ஹுசைன் இருந்தார். ஓவியராக இருந்தவர், 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு உடலையே ஊடகமாக எடுத்துக்கொண்டார். 1995இல் மும்பையில், காலில் சலங்கையும் கையில் பிளந்த பப்பாளியுமாக, வாயைத் திறந்தபடி நடந்தார். அலறும் வாய், ஆனால் குரல் வராது. அவர் யார் என்று பார்ப்பவருக்கு எளிதில் விடை கிடைக்காது. உங்கள் ஆசிரியர் சொல்லும் முடிவோ விடையைத் தட்டில் வைத்து நீட்டுகிறது. (1999இல் நாற்பத்தேழு வயதில் அவர் இறந்தது இன்னும் எனக்கு ஆறாத வருத்தம்.)

கறார்:
சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் தங்கையே. “நீ உன்னையே பார்க்கிறாய்” என்று முகத்தில் அடிக்கும் பாடம் அது. அது இருக்கும் வரை நீங்கள் பயணி இல்லை, விளம்பரப் பலகை.

இன்னொன்று. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவள் எப்படி முடிப்பாள்? பஸ் வந்தால் ஏறிப் போவாள். இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

நூல்கண்டு:
கறார் அண்ணா, முதலில் கோபம் வந்தது. பிறகு நேற்று மாலை கண்ணாடி இல்லாமல் போய் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது நிமிடங்களில் ஏழு பேர் உற்றுப் பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும் அருகில் வந்து, “எந்த பஸ்ஸுக்கு அம்மா நிற்கிறாய்? நான்கு பஸ் போய்விட்டதே” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஐந்தாவது பஸ்ஸில் அவரோடேயே ஏறிவிட்டேன். டிக்கெட்டும் அவரே எடுத்தார். தேர்வன்று காமிரா வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு தோழி எதிர்ப்புறம் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் குறிப்பேட்டில் எழுதுவாள், முகங்கள் யாருடையதும் பதிவாகாது. ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.