கணினி ‘ஃப்ரீஸ்’ ஆவதற்கு ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவில் ஆசிரியை:
வணக்கம். பள்ளிக் கணினி ஆய்வகக் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. சும்மா கிடக்கும் கணினிகளை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்கும் பாயிங்க் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். அதன் திரைக்காப்பு (ஸ்கிரீன்சேவர்) வந்ததும் சில கணினிகள் அப்படியே நின்றுவிடுகின்றன. இதை ‘உறைவு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

தக்கலை புலவர்:
சரியில்லை அம்மா. உறைதல் என்றால் தங்குதல், உறைவிடம் என்கிறோமே. பாலுக்கு உறை ஊற்றினால்கூடத் தயிர் கிடைக்கும், இங்கே என்ன கிடைக்கிறது? சொல் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வர்மம் என்னும் உயிர்நிலைப் புள்ளியில் அடிபட்டவன் விறைத்துப்போவான். வர்ம ஆசான் அதை மீட்கும் அடங்கல் புள்ளியைப் பார்த்து இளக்குவார். ஆகவே ‘விறைப்பு’. மறுதொடக்கத்துக்கு ‘இளக்கல்’. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என ஆசான்மார் வகுத்ததுபோலக் கோளாறுகளையும் வகுக்கலாம். விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

ஆசிரியை:
ஐயா, ‘விறைப்பு’ என்றால் பிள்ளைகளுக்கு அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருவார்.

மார்த்தாண்டம் சர்வீஸ் கடைக்காரர்:
டீச்சர், முதலில் நின்றது எது என்று பாருங்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விசைப்பலகையில் அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் திரை மட்டும்தான் சிக்கியிருக்கும். உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம். விளக்கு அசையவே இல்லையென்றால் மொத்தமும் போச்சு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே பவர் பட்டனை அமுக்குவார்கள்.

அந்தத் திரைக்காப்பு ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நிரல்தொகுப்பு வழியாகப் படம் வரைகிறது. பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் அதில் திணறும். கணக்குக்கு அந்தப் படம் தேவையே இல்லை. வெற்றுத்திரையாக மாற்றிவிடுங்கள், கணக்கு அதுபாட்டுக்கு நடக்கும். அதற்குப் பிறகும் நின்றால் விசிறியில் தூசி பாருங்கள். ப்ராசஸரை மணிக்கணக்காக முழுமூச்சில் ஓட்டும் வேலை இது, சூடு ஏறும்.

குளச்சல் மொழிபெயர்ப்பாளர்:
‘திரைக்காப்பு’ மட்டும் என்ன வாழ்கிறது? பழைய குழாய்த்திரையில் ஒரே படம் நின்றால் பாஸ்பரத்தில் தழும்பு விழும், அதற்காக வந்தது. எல்சிடியில் அது எதைக் காக்கிறது? 1999இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த, வீட்டுக் கணினிகளைக் கொண்டு வேற்றுலகச் சமிக்ஞை தேடிய செட்டி அட் ஹோம் திரைக்காப்பாகவே ஊரெல்லாம் பரவியதால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மற்றபடி என் ஓட்டு ‘ஹேங்’. எல்லோருக்கும் புரியும். வடசொல்லைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டாரே!

புலவர்:
தம்பி, வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்றார் அவர். எழுத்தை நீக்கினால் ‘ஏங்கு’ என்றாகும். கணினி ஏங்கியது என்று எழுதுவீர்களா? அந்நூலை அரங்கேற்றக் கேட்டவர் அதங்கோட்டாசான். அதங்கோடு மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து ‘ஹேங்’கா?

குளச்சல்:
அது இதே அதங்கோடுதானா என்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம், ஐயா.

ஆசிரியை:
திரைக்காப்பைத் தொடாதீர்கள், கையேடு முழுக்க இருக்கிறது. கடைக்கார அண்ணன் சொன்னபடி ‘திரை உறைவு’, ‘முழு உறைவு’ என்று இரண்டாகப் போடுகிறேன். கேப்ஸ் லாக் சோதனை முதலில் வரும். ஆட்சேபணை?

மார்த்தாண்டம்:
போதும் டீச்சர்.

குளச்சல்:
சரி, தூக்கம் வருகிறது.

புலவர்:
உறைவுக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ‘மறுதொடக்கம்’ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இளக்கல்’ என்று போட்டால் தாளா குறைந்துவிடும்?