பாக்கெட்டைப் பிரித்த பிறகு எந்தத் தேதியை நம்புவது?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் வயதான அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

உணவுப் பாக்கெட்டில் இரண்டு விதத் தேதி போடுகிறார்கள். 'பெஸ்ட் பிஃபோர்' தரத்துக்கானது. அது தாண்டினாலும் பிஸ்கட், பாஸ்தா மாதிரி உலர்ந்த பொருள் உடனே கெட்டுவிடாது. 'யூஸ் பை' பாதுகாப்புக்கானது, தாண்டினால் தொடவே கூடாது. இதுவரை புரிகிறது. ஆனால் இரண்டுமே பிரிக்காத பாக்கெட்டுக்கு, அதில் சொன்னபடி வைத்திருந்தால்தான் பொருந்தும். பிரித்த பிறகு?

மென்மையான சீஸ், சமைத்து வரும் இறைச்சித் துண்டுகள், இவற்றில்தான் எனக்குப் பயம். லிஸ்டீரியா கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும். வாடையோ நிறமோ மாறாமலேயே இருக்கலாம். அதனால் முகர்ந்து பார்த்து முடிவெடுப்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. ஃப்ரிட்ஜை 5 டிகிரிக்குக் கீழேயே வைத்திருக்கிறேன்.

'திறந்தபின் 3 நாட்களுக்குள்' என்று போட்டிருக்கிறது, யூஸ் பை தேதியோ நாளையே முடிகிறது என்றால் எதை எடுத்துக்கொள்வீர்கள்? தேதிக்கு முந்தைய நாள் ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் வைத்ததை, வெளியே எடுத்தபின் எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும்? ஃப்ரீஸர் குளிரில் கிருமி சாவதில்லை, வளராமல் நிற்கிறது, அவ்வளவுதானே.

உணவுத் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் பதில் போடுங்கள்.